ரையட் என்னும் இரு சொற்கள்

ஆங்கிலத்தில் 'ரையட்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள. ஆர், ஒய், ஓ, டி என்று எழுதினால் ஒன்று. ஒய் நின்ற இடத்தில் ஐ நின்றால் மற்றொன்று. முன்னது நிலத்தை உழுது தீர்வை செலுத்தும் குடியானவரைக் குறிக்கும். பின்னது கலகத்தைக் குறிக்கும். ஏட்டில் படிப்போருக்கு ஓரெழுத்து வேற்றுமையாவது கண்ணுக்குப் புலப்படும். வானொலியில் கேட்போருக்கு அதுவும் இல்லை. ஆகவே நான் தமிழில் பேசுவது இன்று எனக்கே ஒரு வசதி. குடி என்றும் கலகம் என்றும் வேறு வேறாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

இவ்விரு சொற்களின் வரலாற்றைச் சொல்ல மறைமலை நகரைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையைக் காட்டிலும் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளின் நினைவாகப் பெயர் பெற்ற நகர் அது. சொல்லை நிறுத்துப் பார்க்கும் வேலைக்கு அப்பெயர் நல்ல துணை. அதனினும் முக்கியமான காரணம், அந்நகரைச் சுற்றியுள்ள மண்ணின் வரலாறு. இன்று தொழிற்சாலைகள் நிற்கும் அந்த நிலப்பரப்பு, ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய ஜாகிரைச் சேர்ந்தது. 'குடி' என்பவர் யார் என்று ஆங்கில அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடங்களுள் முதன்மையானது அது.

முதலில் கலகத்தைப் பார்த்துவிடுவோம், அது எளிது. அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலம் புகுந்தது. அங்கே அதற்குச் சண்டை, பூசல் என்று பொருள். சட்டம் அதை எண்ணிக்கையால் அளந்தது. 1715 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிநின்று, அதிகாரி அரசர் பெயரால் அறிக்கையைப் படித்த பின்னும் 1 மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் அது பெருங்குற்றம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்துக்கு 5 பேரே போதுமாயிற்று. சட்ட விரோதமாகக் கூடிய ஐவருள் ஒருவர் பொது நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினாலும் அனைவரும் கலகக் குற்றவாளிகளாவர். 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதை வந்துவிட்டது. ஐவர் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

மற்றைய சொல் அரபு மொழிக்கு உரியது. மேய்ச்சலில் விடப்பட்ட மந்தை என்பதே அதன் மூலப்பொருள் என்பர். அரசன் ஆயன், மக்கள் மந்தை என்ற கருத்தில் அது 'ஆளப்படுவோர்' எனப் பொருள் விரிந்து, பாரசீகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. நமக்கு இக்கருத்து புதியதன்று. கோன் என்னும் தமிழ்ச் சொல் அரசனையும் ஆயனையும் ஒருங்கே குறிக்கிறது. தெலுங்கில் ரைது, கன்னடத்தில் ரைத்த என்று வழங்கும் சொல்லும், நம் நிலப் பதிவேடுகளில் இன்றும் காணப்படும் 'ரயத்துவாரி' என்னும் சொல்லும் இதன் கிளைகளே.

மாணவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். வங்காளத்தில் ரயத்து என்றால் ஜமீன்தாருக்கு வாரமோ குத்தகையோ செலுத்துபவர். சென்னை மாகாணத்தின் ரயத்துவாரிப் பகுதிகளில் அவர் இடையே எவருமின்றி அரசுக்கு நேராகத் தீர்வை கட்டும் பட்டாதாரர். அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792-க்குப் பின் பாராமகாலில் தொடங்கிய முறை அது. மன்றோ ஆளுநராயிருந்த 1820 முதல் 1827 வரையிலான காலத்தில் மாகாணமெங்கும் வேரூன்றியது.

செங்கற்பட்டிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. இங்கே ஊர் நிலத்தின் மீது பரம்பரை உரிமை கொண்டாடியவர் மிராசுதாரர். அவரிடம் நிலம் பெற்று ஊரிலேயே தங்கிப் பயிரிட்டவர் உள்குடிப் பாயக்காரி. அயலூரிலிருந்து வந்து பயிரிட்டவர் பரக்குடிப் பாயக்காரி. இவர்களுக்கெல்லாம் கீழே, சேற்றில் இறங்கி உண்மையாகவே உழுத படியாள். இத்தனை நிலைகளுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் இருந்தது. எல்லிஸ் துரை மிராசு உரிமையைப் பற்றி எழுதி 1818-இல் வெளிவந்த நூல் இப்பெயர்களைப் பொறுமையாக விளக்குகிறது. ஆனால் நிருவாகத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? தீர்வைக் கணக்கில் பெயர் உள்ளவர் ரயத்து, இல்லாதவர் எவருமல்லர். உழுபவரெல்லாம் ரயத்து அல்லர், ரயத்தெல்லாம் உழுபவரும் அல்லர் என்னும் விசித்திரம் இவ்வாறு விளைந்தது.

பெயர் பெற்ற ரயத்தும் சுகமாக வாழ்ந்துவிடவில்லை. தீர்வை பாக்கிக்காகக் குடிகளை வெயிலில் குனிய வைத்தும், விரல்களைக் கிட்டியில் நெரித்தும் கீழ்நிலை அதிகாரிகள் வதைத்ததைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் ஒப்புக்கொண்டது. கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் அவருடைய சென்னை சுதேசி சங்கமும் இடைவிடாது முறையிட்டதன் பயன் அது. அவ்வறிக்கையைப் படிக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு: இத்தனை வதைக்கும் இந்த 'ரையட்' அந்த 'ரையட்'டாக மாறாமல் இருந்ததே வியப்பு!

மாறிய இடம் தக்காணம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஏறிய பருத்தி விலை போருக்குப் பின் வீழ்ந்தது. அரசோ தீர்வையை உயர்த்தியது. குடிகள் லேவாதேவிக்காரரிடம் சிக்கினர். 1875 மே மாதம் பூனா மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில் தொடங்கி, ஊர் ஊராகக் குடிகள் திரண்டனர். உயிர்ச்சேதம் செய்வது அவர்கள் நோக்கமன்று. கடன் பத்திரங்களைப் பறித்து எரிப்பதே நோக்கம். ஆங்கில நூல்களில் இவ்வத்தியாயத்தைப் படிப்பவர் ஒரே வரியில் இரு சொற்களையும் சந்திப்பர். விளைவாக வந்தது 1879-ஆம் ஆண்டுத் தக்காண வேளாளர் நிவாரணச் சட்டம்.

மீண்டும் செங்கற்பட்டுக்கு வருவோம். 1891-இல் இம்மாவட்டக் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். படியாளின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாரருடையது. தரிசு நிலம் கேட்டு அவர் தர்க்காஸ்து மனுக் கொடுத்தாலும் மிராசுதாரருக்கே முதலுரிமை. தலைமுறை தலைமுறையாக உழுதவர் ரயத்து ஆவதற்கான வாயில் இவ்வாறு விதியினாலேயே அடைபட்டிருந்தது. அவ்வறிக்கையின் பின்னர், 1892 செப்டம்பரில் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்பது இதுவே. 10 ஆண்டுகளுக்கு விற்கலாகாது. அதன் பின்னும் அவ்வகுப்பினருக்கு அன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனையை மீறி அந்நிலங்களுள் பல பிறர் கைக்குப் போயின.

அவற்றை மீட்கும் கோரிக்கை 1994-இல் இம்மாவட்டத்துக் காரணை என்னும் சிற்றூரில் வலுப்பெற்றது. அங்கே பஞ்சமி நிலத்தில் மக்கள் அம்பேத்கர் சிலையை நிறுவினர், அது அகற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் திரண்டு நீதி கேட்ட கூட்டத்தின்மேல் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். இருவர் மாண்டனர். அவர்கள் கேட்டது, 102 ஆண்டுகளுக்கு முன் அரசே எழுதிக் கொடுத்த நிலம்.