சாதா லாரி, பெரிய பாலைவனம்: பாக்னால்ட் எதைக் கழட்டினார், எதை மாட்டினார்?

நமக்கு வர்ற கேள்விகள்ல ஒரு கேள்வி மட்டும் வேற வேற ரூபத்துல திரும்பத் திரும்ப வருது. "புதுசா ஒரு பிக்கப் எடுத்திருக்கேன், ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கு. ஆஃப்ரோடு பழகணும். முதல்ல என்ன மாட்டணும்?"

இந்தக் கேள்விக்கு லிஃப்ட் கிட், விஞ்ச், லைட் பார்னு ஒரு கடைப் பட்டியலே சொல்லலாம். ஆனா நம்மளது வரலாறு பேசுற நிகழ்ச்சி. அதனால கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியைக் கேட்டுக்கிட்ட ஒரு இன்ஜினியரைப் பத்திப் பேசுவோம். அவர்கிட்ட கடையும் இல்ல, கிட்டும் இல்ல. ஃபோர் வீல் டிரைவ் கூட இல்ல.

அவர் பேர் ரால்ஃப் பாக்னால்ட். 1896-ல பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவத்தோட ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவு அதிகாரி. முதல் உலகப் போர் முடிஞ்ச பிறகு கேம்பிரிட்ஜ்ல இன்ஜினியரிங் படிச்சார். 1920-களோட நடுவுல எகிப்துல வேலை. லீவு கிடைச்சா நண்பர்களோட கார் எடுத்துக்கிட்டு லிபியப் பாலைவனத்துக்குள்ள போயிடுவார். முதல்ல ஃபோர்டு மாடல் டி, அப்புறம் மாடல் ஏ. ரெண்டுமே யார் வேணும்னாலும் வாங்கக்கூடிய சாதாரண வண்டிகள்.

அந்தப் பாலைவனத்தோட மேற்குப் பக்கம் 'பெரும் மணல் கடல்'னு ஒரு பகுதி இருக்கு. நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு வரிசை வரிசையா மணல் மேடுகள். அதை வண்டியில கடக்கவே முடியாதுன்னு நினைச்சிருந்தாங்க. 1930-ல இவங்க மாடல் ஏ வண்டிகளோட அதுக்குள்ள புகுந்து வந்தாங்க. அதுக்கு அந்த வண்டிகள்ல என்ன செஞ்சாங்க?

முதல் வேலை: கழட்டுறது

அவங்க பாடியைக் கழட்டினாங்க. கூரை, கண்ணாடி எல்லாம் போச்சு. பின்னாடி சாமான் வைக்க மரப்பெட்டி மாதிரி ஒண்ணு. காரணம் ரொம்ப சிம்பிள். மணல்ல புதையறது எடையாலதான். தேவையில்லாம சுமக்குற ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கீழே அழுத்துது, பெட்ரோலையும் குடிக்குது. கழட்டி மிச்சம் பிடிச்ச எடையில தண்ணியும் பெட்ரோலும் ஏத்திக்கலாம்.

ரெண்டாவது: காத்தை இறக்குறது

காசே செலவில்லாத விஷயம் இது. ஒரு சக்கரத்து மேல 500 கிலோ எடை இருக்குன்னு வெச்சுக்குவோம். டயர்ல 35 பி.எஸ்.ஐ. காத்து இருந்தா, தரையில படுற பரப்பு தோராயமா 200 சதுர செ.மீ. அதையே 18-க்கு இறக்கினா பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும். டயரோட பக்கச் சுவரும் கொஞ்சம் எடை தாங்கும்ங்கிறதால கணக்கு அச்சு அசலா இருக்காது, ஆனா போற திசை இதுதான். ஒட்டகத்தோட பாதம் ஏன் அகலமா இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, அதே தத்துவம்.

மூணாவது: தண்ணியைக் காப்பாத்துறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அந்தக் கால ரேடியேட்டர் கொதிச்சா நீராவி ஓவர்ஃப்ளோ குழாய் வழியா வெளியே போயிடும். ஊருக்குள்ள அது பிரச்சினையே இல்ல. பாலைவனத்துல அது குடிதண்ணியைக் காத்துல விடுற மாதிரி. பாக்னால்ட் குழு அந்தக் குழாயை, பாதி தண்ணி ஊத்தின ஒரு டப்பாவுக்குள்ள விட்டாங்க. டப்பா வண்டியோட பக்கவாட்டுல இருக்கும். நீராவி அதுக்குள்ள போய்த் தண்ணியா மாறிடும். வண்டியைக் காத்துக்கு எதிரா திருப்பி நிறுத்தினா இன்ஜின் ஆறும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், டப்பாவுல இருக்குற தண்ணி தானாவே ரேடியேட்டருக்குத் திரும்பும். இன்னைக்கு உங்க பானெட்டைத் திறந்தா ஒரு பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க் இருக்கும். அதோட அடிப்படை யோசனையும் இதுதான்.

நாலாவது: மாட்டிக்கிட்டா வெளியே வர்றது

எவ்வளவு தயார் பண்ணாலும் வண்டி புதையத்தான் செய்யும். கெய்ரோவுல ஒரு பழைய சாமான் கடையில பாக்னால்ட் கண்ணுல இரும்புத் தகடுகள் பட்டுச்சு. முதல் உலகப் போர்ல பதுங்குகுழிக்குக் கூரை போடச் செஞ்ச, வாய்க்கால் மாதிரி வளைஞ்ச தகடுகள். சக்கரத்துக்கு முன்னாடி மணலைத் தோண்டி, இதைச் சொருகி, மெதுவா ஏறி வெளியே வந்துடலாம். முன் சக்கரத்துக்கு கேன்வாஸ் பாய். இன்னைக்கு ஆன்லைன்ல கலர் கலரா விக்கிற டிராக்‌ஷன் போர்டுக்கு இந்த காயலான் கடைத் தகடுதான் தாத்தா.

அஞ்சாவது: வழி

வண்டி முழுக்க இரும்பு. அதனால காந்தத் திசைகாட்டி தப்பாக் காட்டும். சரியாப் பார்க்கணும்னா ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, இறங்கி, தள்ளி நடந்து போகணும். அதுக்கு பாக்னால்ட் சூரியத் திசைகாட்டி ஒண்ணு வடிவமைச்சார். 360 டிகிரி குறிச்ச ஒரு வட்டத் தட்டு, நடுவுல ஒரு ஊசி. ஊசியோட நிழல் எங்கே விழணுமோ அங்கே விழுற மாதிரி ஓட்டிக்கிட்டே போகலாம். சூரியன் நகர நகர தட்டைத் திருப்பிக்கணும், அவ்வளவுதான்.

இதெல்லாம் அதுவரைக்கும் ஒரு பொழுதுபோக்கு. 1940 ஜூன்ல இத்தாலி போர்ல இறங்கினதும் கதை மாறிடுச்சு. எகிப்துக்கு மேற்கே லிபியா முழுக்க இத்தாலி கையில. அப்போ எகிப்துல தளபதியா இருந்த ஜெனரல் வேவல்கிட்ட பாக்னால்ட் ஒரு திட்டத்தோட போனார். எதிரி எதிர்பார்க்காத தெற்குப் பாலைவனம் வழியா உள்ளே போய் உளவு பார்க்கலாம்னார். வேவல் சரின்னுட்டார். தயாராக கையில இருந்தது ஆறே வாரம். அப்படி உருவான படைதான் பின்னாடி 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்'னு பேர் வாங்கினது.

வண்டிக்கு எங்கே போறது? எகிப்துல இருந்த ஷெவர்லே விற்பனையாளர்கிட்ட 14, எகிப்து ராணுவத்துகிட்ட கேட்டு வாங்கினது 19. எல்லாமே ஒன்றரை டன் வர்த்தக லாரி, டூ வீல் டிரைவ். கதவைக் கழட்டினாங்க, கூரையைக் கழட்டினாங்க, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினாங்க, கண்டென்சர் டப்பா, மணல் தகடு, சூரியத் திசைகாட்டி எல்லாம் மாட்டினாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி சொந்தக் காசுல கத்துக்கிட்ட அதே பட்டியல்.

ஓட்டுனவங்க யாரு? பெரும்பாலும் நியூசிலாந்து வீரர்கள். நிறைய பேர் விவசாயக் குடும்பத்துல இருந்து வந்தவங்க. வண்டியும் ரிப்பேரும் தெரியும், பாலைவனம் தெரியாது. நம்ம மொழியில சொன்னா, ஆஃப்ரோடு பிகினர்ஸ். பாக்னால்டும் பில் கென்னடி ஷா, பேட் கிளேட்டன் போன்ற பழைய பயண நண்பர்களும்தான் வாத்தியார்கள். மென்மணல்ல பிரேக் அடிக்காதே, வேகத்தை விட்டு வண்டியைத் தானா நிக்க விடு. நிறுத்தினா இறக்கத்துல நிறுத்து. சக்கரம் சும்மா சுத்த ஆரம்பிச்சா உடனே காலை எடு, இல்லேன்னா உன் குழியை நீயே தோண்டிக்கிறே. செப்டம்பர்லயே முதல் ரோந்துகள் கிளம்பிடுச்சு.

தயாரிப்பு ஏன் விளையாட்டு இல்லைன்னு காட்டுற ஒரு சம்பவம் உண்டு. 1941 ஜனவரி 31. குஃப்ரா பாலைவனச்சோலைக்குத் தெற்கே, ஜெபல் ஷெரீஃப்ங்கிற இடத்துல இத்தாலியப் படையும் விமானங்களும் கிளேட்டனோட ரோந்தைத் தாக்கினாங்க. கிளேட்டன் பிடிபட்டார். சில லாரிகள் எரிஞ்சு போச்சு. பாறைகளுக்குள்ள ஒளிஞ்ச நாலு பேர் பின்தங்கிட்டாங்க. அதுல ரொனால்ட் மூருக்குக் கால்ல காயம். கையில ரெண்டு காலனுக்கும் குறைவான தண்ணி. சரணடையலாம், இல்ல நடக்கலாம். நடந்தாங்க, தங்களோட லாரிகள் வந்த டயர் தடத்தையே பிடிச்சு தெற்கே. பத்தாவது நாள், சுமார் 210 மைல் தாண்டி, சுதந்திர பிரெஞ்சுப் படை மூரைக் கண்டபோதும் அவர் நடந்துக்கிட்டுதான் இருந்தார். நாலு பேர்ல ஒருத்தர், ஈஸ்டன், மீட்ட பிறகும் பிழைக்கல.

வண்டியில இருக்குற தண்ணி, வண்டி இருக்குற வரைக்கும்தான் உங்களோடது. குழுவாப் போறது, கைக்கு எட்டுற இடத்துல தண்ணிப் பை வைக்கிறது, வந்த தடத்தை ஞாபகம் வெச்சுக்கிறது, இதெல்லாம் எந்த உதிரிபாகத்தை விடவும் முக்கியம்னு அந்தப் பத்து நாள் சொல்லுது.

இன்னொரு விஷயம். 1941-ல ஷெவர்லேக்கள் தேய்ஞ்சு போனதும் ஃபோர்டு எஃப்30 வந்துச்சு. ஃபோர் வீல் டிரைவ். கேட்கவே நல்லா இருக்குல்ல? ஆனா எடை அதிகம், பெட்ரோலை அள்ளிக் குடிச்சது. தூரம் போறதுதான் வேலைன்னா பெட்ரோல்தான் எல்லை. 1942-ல கனடாவுல தயாரான புது ஷெவர்லேக்களுக்கு மாறினாங்க. மறுபடியும் டூ வீல் டிரைவ். ஃபோர் வீல் டிரைவ் வேண்டாம்னு நான் சொல்லல. சேறும் பாறையும் உள்ள இடத்துல அது பெரிய துணை. ஆனா வண்டி உங்க வேலைக்குப் பொருந்தணும், விளம்பரத்துக்கு இல்ல.

இப்போ ஆரம்பக் கேள்விக்கு வருவோம். ஸ்டாக் பிக்கப்புக்கு முதல்ல என்ன? பின்னாடி கிடக்குற தேவையில்லாத சாமானை இறக்குங்க. நல்ல பிரஷர் கேஜ் ஒண்ணு, திரும்ப ரோட்டுக்கு ஏறும்போது காத்தடிக்க ஒரு கம்ப்ரசர். ஒரு மண்வெட்டி, ரெண்டு டிராக்‌ஷன் போர்டு. சேஸிஸ்ல உறுதியா பிடிச்ச ஹூக் முன்னாடியும் பின்னாடியும் இருக்கான்னு பாருங்க. டோ பால்ல கயிறு கட்டி இழுக்கவே கூடாது, அது பிய்ச்சுக்கிட்டு வந்தா உயிரையே எடுக்கும். ஆளுக்குத் தேவைக்கு மேலயே தண்ணி. கூட இன்னொரு வண்டி. லிஃப்ட் கிட் அப்புறம் பார்த்துக்கலாம்.

பாக்னால்ட் கடைசியில மணலைப் பத்தியே ஒரு அறிவியல் புத்தகம் எழுதினார், 1941-ல வெளிவந்துச்சு. செவ்வாய் கிரகத்து மணல் மேடுகளை ஆராயுறவங்க இன்னைக்கும் அதைப் புரட்டுறாங்க. லாரி புதையாம ஓட்டணும்னு ஆரம்பிச்ச ஆளு, மணல் எப்படி நகருதுன்னு உலகத்துக்கே சொல்லிட்டுப் போனார். வண்டியைத் தயார் பண்றதுக்கு முன்னாடி, போற தரையைப் புரிஞ்சுக்கங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.