லின்னேயஸ் டிரைப்பின் காகித நெகட்டிவ்கள்

லின்னேயஸ் டிரைப் (1822-1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858-ல் மதுரை, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கட்டடங்களைப் படமெடுத்தார். படமெடுத்தபின் செய்யும் திருத்தத்தையும் கணக்கில் கொண்டு படமெடுத்த முன்னோடிகளில் ஒருவர்.

பின்னணி

டிரைப் 1854-ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ல் பர்மிய அரசவைக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவில் புகைப்படக்காரராக இடம்பெற்றார். 1856-ல் சென்னை அரசு அவரைப் பணியமர்த்தியது.

முறை

அக்காலத்தில் பரவலாக இருந்த ஈரக் கண்ணாடித் தகட்டை, பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1851-ல் வெளியிட்ட மெழுகுக் காகித முறையில் அந்த அவசரம் இல்லை. காகிதங்களை முன்பே தயார்செய்து வெயிலில் பயணம் செய்யலாம். டிரைப் பெரிதும் இதையே கையாண்டார். நெகட்டிவின் அளவிலேயே படம் அச்சானதால் அவர் பெரிய காகிதங்களைப் பயன்படுத்தினார். தூரிகையால் திருத்தவும் அவை இடம் தந்தன.

திருத்தம்

அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகையாகவும் பச்சையைக் குறைவாகவும் பதிந்தது. நிழலிலுள்ள சிற்பம் தெரியும்வரை ஒளியை விட்டால் வானம் வெளிறியது, அல்லது திட்டுத்திட்டாகப் பதிந்தது. மரங்கள் கரிய திரளாயின. வானத்தைப் பின்னர் சரிசெய்யலாம்; பதியாத சிற்பத்தைச் சேர்க்க முடியாது. டிரைப் நெகட்டிவில் வண்ணம் பூசி மேகங்களையும் இலைகளின் ஒளியையும் உருவாக்கினார். பூசிய இடத்தில் ஒளி தடைபட்டு, அச்சில் அது வெண்மையாக வந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். துண்டுகள் பொருந்த வேண்டுமென்றால் கேமராவின் தூரமும் உயரமும் எடுக்கும்போதே சீராக இருக்கவேண்டும்.

முடிவு

1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவல்யன் இப்பணியை வீண்செலவாகக் கருதி நிறுத்தினார். டிரைப் அதன்பின் அதிகம் படமெடுக்கவில்லை.

மதிப்பீடு

மயிலம் முருகன் கோயில் கோபுரத்தை உச்சிவெயிலில் எடுப்பவருக்கும் இன்று இதே சிக்கல்தான். ஆனால் டிஜிட்டல் கேமராவில் கணக்கு தலைகீழ். நிழலை ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெளுத்த வானத்தை மீட்க முடியாது. ஆகவே திருத்த எண்ணுபவர்கள் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, 'ரா' கோப்பாகப் பதிவுசெய்கிறார்கள். ஜேபெக் கோப்பு ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளையே வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384 உண்டு.

ரா கோப்பில் திருத்தம் தனியே சேமிக்கப்படும், மூலம் மாறாது. டிரைப்பின் பூச்சோ நெகட்டிவின் மேலேயே இருக்கிறது. அவருடைய படங்களில் கல்லும் கல்வெட்டும் 1858-ன் சான்றுகள். மேகங்கள் அவ்வாறல்ல. அப்படங்களை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வாளர் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.