துறையூர்ச் சாலையில் டயர்க் காற்று

டயரில் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் உள்ளே அடைத்த காற்றுதான். ரப்பரும் நைலான் நூலும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கின்றன, அவ்வளவே. ஆகவே எத்தனை பவுண்டு அழுத்தம் வைப்பது என்பதை முதலில் முடிவு செய்வது வண்டியில் ஏற்றிய எடை. பச்சைமலை அடிவாரத்தில், திருச்சி, பெரம்பலூர், நாமக்கல், ஆத்தூர் பக்கத்துச் சாலைகள் கூடும் துறையூரில் இந்தக் கணக்கு மாட்டுவண்டியில் தொடங்கி டிராக்டர், லாரி வரை பல கைகள் மாறி வந்திருக்கிறது.

காற்று டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கினார். அன்று யாரும் சீந்தவில்லை. பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்து 1888-இல் காப்புரிமை பெற்ற பிறகே அது உலகெங்கும் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சாலைகளில் அதற்கு முதல் எதிரி லாட ஆணி. காளைகளின் குளம்பிலிருந்து உதிர்ந்த ஆணிகள் மண்ணில் கிடந்து டயரில் ஏறின. 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார், தம் பேருந்துகளுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்ற கதை இன்றும் வழங்குகிறது. 1942-இல் மலாயா ஜப்பான் வசம் போனதும் ரப்பர் அரிதானது. ஒரு டயரைத் தேயத் தேய ஓட்டி, ஒட்டுப் போட்டு, மறுபடி ஓட்டும் பழக்கம் அந்தப் போர்க்காலத்தில் வலுப்பட்டது.

கிராமத்துக்குள் காற்று புகுந்தது சைக்கிளோடும் டயர் வண்டியோடும். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பின் சைக்கிள் எளிதாகக் கிடைத்தது. வாடகை சைக்கிள் கடைதான் பல ஊர்களில் காற்றடிக்கும் முதல் இடம். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் சக்கரம் பூட்டிய மாட்டுவண்டியை டன்லப் நிறுவனம் பரப்ப முயன்றது. பிறகு பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசுவாமி வண்டியைச் சீர்திருத்துவதையே இயக்கமாக எடுத்துக்கொண்டார். ரப்பர் சக்கரத்தில் அதே காளைகள் கூடுதல் மூட்டைகளை இழுத்தன. காற்று குறைந்தால் மட்டும் அந்த ஆதாயம் காளையின் கழுத்தில் பாரமாகத் திரும்பியது.

டிராக்டர் வந்ததும் கணக்கு தலைகீழானது. சேற்று உழவில் பெரிய சக்கரத்துக்குப் பதினைந்து பவுண்டு போல வைத்தால் போதும். டயர் அகன்று மண்ணைப் பிடிக்கும். சக்கரம் சறுக்காமலிருக்க டியூபின் முக்கால் பங்குக்குத் தண்ணீர் ஏற்றுவதும் உண்டு. அதே டிராக்டர் டிரெய்லரில் நெல் மூட்டையோ சின்ன வெங்காயமோ ஏற்றித் தார்ச்சாலையில் ஓடும்போது அந்தக் காற்று போதாது. வயலுக்கும் சாலைக்கும் நடுவில் காற்றை மாற்றுகிற பொறுமை யாருக்கும் இருப்பதில்லை என்பதுதான் நடைமுறை.

லாரிதான் இதைத் தனித் தொழிலாக்கியது. நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊராக வளர வளர, அதைச் சுற்றிய சாலைகளில் பஞ்சர் கடைகள் முளைத்தன; பலவற்றை மலையாளிகள் நடத்தினார்கள். சாமான்கள் கொஞ்சம்தான்: கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, கடப்பாரை போன்ற லீவர், சுத்தியல். ஆபத்து, டயரைச் சக்கர விளிம்பில் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் என்ற வளையத்தில் இருந்தது. வளையம் சரியாக உட்காராமல் நூறு பவுண்டு காற்று ஏறினால் அது பீரங்கிக் குண்டாகப் பறக்கும். அதனால் அனுபவசாலிகள் சக்கரத்தை வளையம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து, அல்லது சங்கிலி சுற்றி, கொஞ்சம் தள்ளி நின்றே காற்றுப் பிடித்தார்கள்.

அளவுமானி பேருக்குத்தான் இருந்தது, நம்பியது காதை. டீக்கடையில் வண்டி நின்றதும் கிளீனர் லீவரோடு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டுவார். ‘ணங்’ என்று துள்ளினால் சரி, ‘தொப்’ என்றால் குறைவு. பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்பக்கத்து டயர் கண்ணில் படாது. அது இறங்கினால் வெளி டயரே இரண்டின் சுமையையும் சுமந்து சூடேறி வெடிக்கும். தட்டுவது முதன்மையாக அதைக் கண்டுபிடிக்கத்தான்.

அளவுமானி வைத்துப் பார்த்தபோதும் கைப்பழக்கம் ஓரிடத்தில் தவறியது. காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 100 பவுண்டு வைத்த டயர், ஓட்டத்தில் 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 111 பவுண்டு காட்டும். சித்திரை வெயிலில் இதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிட்டவர்கள் பலர். குறைந்த காற்றில் டயர் இன்னும் அதிகமாக மடங்கும். மடங்கினால் சூடு மேலும் ஏறும். குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும் என்ற விதி வெப்பத்தின் இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

பின்னாளில் வந்த, பக்கச்சுவர் நெகிழ்வான ரேடியல் டயர் காதையும் கண்ணையும் சேர்த்தே ஏமாற்றியது. சரியான காற்று இருக்கும்போதும் அதன் பக்கம் பிதுங்கித்தான் நிற்கும். பழைய டயரில் பழகிய கண் அதைக் காற்று குறைந்ததாக எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே குறைந்தபோது வித்தியாசம் தெரியாது. ஆனாலும் ரேடியல் வந்த பிறகு லீவரின் இடத்தை அளவுமானி பிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

மாதக்கணக்கில் வண்டியே வீடாக இருப்பவர்களுக்குக் காற்றுக் கணக்கு இன்னும் முக்கியம். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு லாரிகள் வடமாநிலங்கள் வரை போகின்றன. கூடவே போகும் லாரியில்தான் ஆட்களுக்குச் சமையலும் தூக்கமும். துளையிடும் ரிக் லாரியில் இயந்திரத்தின் எடை எப்போதும் ஏறியபடியே இருப்பதால் டயருக்கு ஓய்வில்லை. படப்பிடிப்புக் கேரவன்களுக்கும் வீட்டு வண்டிகளுக்கும் வேறு சிக்கல்: தண்ணீர்த் தொட்டியும் சமையல் மேடையும் ஒரு பக்கமாக அமைந்தால் அந்தப் பக்கச் சக்கரங்கள் கூடுதலாகச் சுமக்கும். எனவே தொட்டி நிரம்பிய நிலையில் எடை மேடையில் ஏற்றி, ஒவ்வொரு அச்சின் எடையையும், முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அளந்து, அதிகம் சுமக்கும் பக்கத்துக்குத் தேவையான காற்றை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்து, அந்த அச்சின் எல்லாச் சக்கரங்களுக்கும் அதையே வைக்க வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் அதன் அதிகபட்சச் சுமைக்கானது; எடை தெரியாமல் அதை அப்படியே வைத்தால் வண்டி குலுங்கும், நடுப்பகுதி சீக்கிரம் தேயும்.