பழம் போட்டால் டீயில் பால் ஏன் திரியுது? வீட்டிலேயே பழப் பால் டீ போடுவது எப்படி?

பபிள் டீ கடையில் வாங்கினால் மாம்பழப் பால் டீ வழுவழுன்னு இருக்கு. அதையே வீட்டில் போட்டால் பால் திரிந்து, குட்டிக் குட்டி வெள்ளைத் துணுக்குகளாக மேலே மிதக்குது. "பால் கெட்டுப்போச்சு போல" என்று முழுசையும் கொட்டிவிடுகிறோம்.

பெரும்பாலும் பால் கெட்டிருக்காது. பழத்தில் இருக்கும் புளிப்புதான் காரணம். மலாக்காவில் தோட்டப் பின்னணி உள்ள குடும்பங்களுக்கு இது புது விஷயமும் இல்லை. உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள் என்றால், இதே விஷயத்தை அவர்கள் தினமும் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

பால் ஏன் திரிகிறது, எந்தப் பழம் ஒத்துவரும், எப்படிப் போட்டால் திரியாது, சீனியை எப்படிக் கணக்கில் வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடையில் யாரும் சொல்லாத ஒரு விதி

சாப்பாட்டுக் கடையில் "தே ஓ ஐஸ் லிமாவ்" கேட்டால் உடனே வந்துவிடும். தே தாரிக்கில் லிமாவ் பிழிந்து கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், டீ ஆற்றுபவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். எலுமிச்சை போகும் டீயில் பால் போகாது. எல்லாருக்கும் தெரிந்த இந்த விதியை யாரும் எழுதி வைத்ததில்லை.

பழப் பால் டீ இந்த விதியை மீறப் பார்க்கிற பானம். அதனால்தான் அதைக் கொஞ்சம் கவனமாகப் போட வேண்டியிருக்கிறது.

பால் திரிவது என்றால் என்ன?

பாலில் இருக்கும் முக்கியமான புரதத்தின் பெயர் கேசின். அது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் எதிர்மின் ஏற்றம் இருப்பதால், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஒட்டிக்கொள்ளாததால்தான் பால் திரவமாக இருக்கிறது.

புளிப்பை அளக்கும் அளவுகோல் பி.எச். இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பசும்பாலின் பி.எச். ஏறக்குறைய 6.7. அது 4.6 அளவுக்கு இறங்கும்போது அந்த மின் ஏற்றம் போய்விடுகிறது. தள்ளிக்கொண்டிருந்த உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. பால் சூடாக இருந்தால் அந்த அளவுக்கு இறங்கும் முன்பே திரிந்துவிடும்.

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்குச் சற்று மேல். அன்னாசி 3-லிருந்து 4-க்குள். கொதிக்கும் பால் டீயில் இவற்றை ஊற்றினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

டீயும் தன் பங்குக்குச் சேர்கிறது. அதுவே லேசான அமிலத்தன்மை உள்ளது. அதன் துவர்ப்புச் சத்துகளும் பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வெறும் பாலில் தாக்குப்பிடிக்கும் பழம், சில சமயம் பால் டீயில் தாக்குப்பிடிப்பதில்லை.

இதற்கும் தோட்டத்துப் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

தோட்டத்தில் "பால்" என்றாலே முதலில் ரப்பர் பால்தான். "பால் வெட்டப் போயிருக்காங்க" என்று சொன்னால் மாட்டுப் பாலை யாரும் நினைக்க மாட்டார்கள்.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்ட இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896-இல் டான் சே யான் என்ற மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். பிறகு ரப்பர் பரவப் பரவ, தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் மலாயாவின் தோட்ட லயங்களில் குடியேறின. இன்று பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கம் தாமான்களில் இருக்கிறார்கள்.

விடிகாலைப் பெரட்டு முடிந்து, மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பாலில் தண்ணீர் கலந்து, நீர்த்த ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் பால் உறைந்து கட்டியாகும். அதை அழுத்தித் தகடாக்கிப் புகை போடுவார்கள்.

அங்கே நடப்பதும் இதே வேலைதான். ரப்பர் துகள்களைச் சுற்றியும் புரத உறை இருக்கிறது, அதன் மேலும் எதிர்மின் ஏற்றம் இருக்கிறது. அமிலம் விழுந்ததும் ஏற்றம் போய்த் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பி.எச். 5-க்குக் கீழே இறங்கும்போது ரப்பர் பால் உறையும். மாட்டுப் பால் திரியும் அளவுக்கு இது மிகப் பக்கம்.

இன்னும் ஒன்று. மங்கில் விட்டுவைத்த ரப்பர் பால், யாரும் எதுவும் ஊற்றாமலே கட்டியாகிவிடும். நுண்ணுயிர்கள் அதில் அமிலத்தை உண்டாக்குவதுதான் காரணம். வீட்டில் பால் தயிராவதும் அப்படித்தான்.

அப்படி முன்கூட்டியே உறையாமல் இருக்க ரப்பர் பாலில் அம்மோனியா கலப்பார்கள். அது புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளும். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

அப்போ கடையில் மட்டும் ஏன் திரியவில்லை?

பபிள் டீ 1980-களில் தைவானில் பிறந்தது. இன்று பல கடைகளில் பழச் சுவை டீயில் போவது பசும்பால் இல்லை, கிரீமர் தூள். அதில் பால் புரதம் குறைவு. கூடவே பாஸ்பேட் உப்பு சேர்த்திருப்பார்கள். ரப்பர் பாலில் அம்மோனியா செய்த வேலையைப் போன்ற ஒன்றை இங்கே இந்த உப்பு செய்கிறது: புளிப்பு சட்டென்று ஏறாமல் தாங்கிப் பிடிக்கும்.

பழமும் எப்போதும் நிஜப் பழமாக இருக்காது. சுவையூட்டிய தூளோ சீனிப் பாகோ போட்டால் புளிப்புப் பிரச்சினை ரொம்பக் குறைந்துவிடும். வீட்டில் நிஜப் பாலும் நிஜப் பழமும் போடுகிறோம், அதனால்தான் திரிகிறது. உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

எந்தப் பழம் ஒத்துவரும்?

• பயமில்லாமல் போடலாம்: நன்கு பழுத்த வாழைப்பழம், பலாப்பழம், டுரியான், இளநீர் வழுக்கை. இவற்றில் புளிப்பு குறைவு. கிளேபாங் பக்கம் பேர்போன தேங்காய் ஷேக்கில் ஐஸ்கிரீம் திரியாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

• பார்த்துப் போட வேண்டும்: மாம்பழம், கொய்யா, லைச்சி. பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாக்கில் வைத்துப் பாருங்கள், புளிப்பு தெரிந்தால் பாலுக்கும் தெரியும்.

• பாலோடு சேர்க்க வேண்டாம்: கஸ்தூரி எலுமிச்சை, பேஷன் புரூட், புளிப்பு ஸ்ட்ராபெரி. இவற்றைத் தே ஓ-வில் போட்டுக் குடியுங்கள், அருமையாக இருக்கும்.

• தனி ரகம்: பப்பாளியும் அன்னாசியும். பப்பாளியில் புளிப்பு குறைவுதான். ஆனால் அதிலுள்ள பப்பேன் என்ற நொதி பால் புரதத்தை வெட்டிவிடும். பப்பாளி கலந்த பாலைக் கொஞ்ச நேரம் வைத்தால் கசப்பது அதனால்தான். அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது, புளிப்பும் சேர்ந்துகொள்கிறது. பழத்தை நன்றாகக் கொதிக்க வைத்தால் நொதி செயலிழக்கும். புளிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

வீட்டில் போடுவது எப்படி? மாம்பழப் பால் டீ, 2 கிளாஸ்

தேவையானவை:

• தேயிலைத் தூள் – 2 மேசைக்கரண்டி
• தண்ணீர் – 300 மில்லிலிட்டர்
• நன்கு பழுத்த, புளிப்பில்லாத மாம்பழம் – 1
• சீனி அல்லது சீவிய குலா மலாக்கா – 1 மேசைக்கரண்டி
• தே சி-க்குப் போடும் சீனியில்லாத டின் பால் – 100 மில்லிலிட்டர்
• ஐஸ்

செய்முறை:

1. தண்ணீர் கொதித்ததும் தேயிலைத் தூளைப் போட்டு அடுப்பை அணைத்து, 5 நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி ஆறவிட்டு, ஐஸ் பெட்டியில் வையுங்கள். டீ கடுமையாக இருக்கட்டும், ஐஸ் கரையும்போது சரியாகிவிடும்.

2. மாம்பழச் சதையை மசித்து, சீனியோடு சின்னத் தீயில் 5 நிமிடம் கிண்டுங்கள். கெட்டியானதும் இறக்கி, இதையும் குளிர வையுங்கள்.

3. குளிர்ந்த டீயில் குளிர்ந்த பாலை முதலில் கலந்துகொள்ளுங்கள்.

4. கிளாஸின் அடியில் மாம்பழ மசியல், அதன் மேல் நிறைய ஐஸ், கடைசியாகப் பால் டீ. மெதுவாக ஊற்றினால் அடுக்கடுக்காக நிற்கும்.

5. குடிக்கும் நேரத்தில் கலக்குங்கள். கலக்கி வைத்துவிட்டுப் போன் பார்க்கப் போய்விடாதீர்கள்.

இதில் தவறவிடக்கூடாதது ஒன்றுதான்: மூன்றும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான டீயில் அவசரப்பட்டுப் பழத்தை ஊற்றுவதால்தான் வீட்டில் பெரும்பாலும் திரிகிறது.

டின் பால் எதற்கு என்றால், அதில் புரதத்தை நிலைப்படுத்தும் உப்புகள் வழக்கமாகச் சேர்த்திருப்பார்கள். பசும்பாலைவிடக் கொஞ்சம் தாங்கும். பசும்பால்தான் இருக்கிறது என்றால் கொழுப்பு நீக்காத பாலாகப் பாருங்கள். முத்து வேண்டும் என்பவர்கள் ஜவ்வரிசியைக் கண்ணாடி போலாகும்வரை வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசிச் சேர்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய முத்து வேண்டாம், தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

திரிந்த டீயைக் குடிக்கலாமா?

பாலும் பழமும் புதுசு, கலந்தவுடனே திரிந்தது என்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. பனீர் செய்வதும் இதே முறையில்தானே! பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். ஆனால் பால் முன்பே புளித்த வாடை அடித்திருந்தால், அல்லது கலந்த டீ நம்ம ஊர் வெயிலில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சீனிக் கணக்கு: வீட்டில் போடுவதன் நிஜமான லாபம்

இது கொஞ்சம் சீரியஸான பகுதி. தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் 2019-இல் 18.3%, 2023-இல் 15.6%. இந்தியர்களிடையே இந்த விகிதம் தேசிய அளவைவிட அதிகம். இனிப்பு நீர் உள்ள ஒருவர் இல்லாத நம் வீடுகள் குறைவு.

சேர்க்கப்படும் சீனியை ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10%-க்குக் கீழே வைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 5%-க்குக் கீழே வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. அது ஏறக்குறைய 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி.

இப்போது கணக்குப் போடுங்கள். இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய 45% சேர்த்த சீனி. ஒரு மேசைக்கரண்டி பால் 20 கிராம் என்றால், அதில் 9 கிராம் சீனி. பெரிய கிளாஸ் டீக்கு 3 மேசைக்கரண்டி ஊற்றினால் 27 கிராம். அந்த ஒரே கிளாஸில் 25 கிராம் தாண்டிவிட்டது. முத்தும் பழப் பாகும் அதற்கு மேல்.

மேலே சொன்ன செய்முறையில் 2 கிளாஸுக்குச் சேர்த்த சீனி ஒரு மேசைக்கரண்டி, சுமார் 12 கிராம். ஒரு கிளாஸுக்கு 6 கிராம். பழத்தில் இயற்கையாக உள்ள இனிப்பு இதற்கு மேல்தான் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் இதையும் அளவோடு குடிக்க வேண்டும். குலா மலாக்கா மணமாக இருக்கும், ஆனால் அதுவும் சீனிதான். "இயற்கையானது, ஒன்னும் செய்யாது" என்று பாட்டிக்கு இரண்டு கரண்டி கூடப் போட்டுவிடாதீர்கள்.

அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2024-இல் அது 50 சென்னானது, 2025-இல் மறுபடியும் கூடியது. ஆனால் இந்த வரி, தொழிற்சாலையிலிருந்து அடைத்து வரும் பானங்களுக்குத்தான். கடையில் கண்ணெதிரே கலக்கிக் கொடுக்கும் டீக்கு இல்லை. அங்கே எவ்வளவு சீனி போகிறது என்று காட்டும் லேபிளும் வழக்கமாக இருப்பதில்லை. வீட்டில் போட்டால் கரண்டி உங்கள் கையில்.

சுருக்கமாக

புளிப்புக் குறைந்த பழத்தை எடுங்கள். எல்லாவற்றையும் குளிர வையுங்கள். டீயையும் பாலையும் முதலில் கலந்து, பழத்தைக் கடைசியில் சேருங்கள். புளிப்புப் பழம் என்றால் பாலை மறந்துவிட்டுத் தே ஓ-வுக்குப் போங்கள்.

முதல் தடவை திரிந்துபோனாலும் பரவாயில்லை. அந்தக் கிளாஸை வீட்டில் பால் வெட்டிய அனுபவம் உள்ள பெரியவரிடம் காட்டி, ஸ்டோரில் ஆசிட் ஊற்றியதைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கு நாங்கள் சொன்னதைவிட நன்றாகவே அவர் விளக்குவார்.