மென்பொருள் போச்சு, பாடம் போகலை

கல்லூரியில் இலக்கியம் நடத்துகிற நண்பர் ஒருவர், இந்த வருஷம் பிள்ளைகளுக்கு ட்வைன்ல கதை செய்யக் கற்றுத்தரப் போறேன்னு சொன்னார். வாசிக்கிறவர் தேர்ந்தெடுக்கிற வழியில் நகரும் கதைகளை அதில் நிரல் எழுதத் தெரியாமலே செய்யலாம். "எல்லாம் புதுசு, முன்மாதிரியே இல்லை" என்றார். முன்மாதிரி இருக்கு. ஏறக்குறைய ஐம்பது வருஷமா இருக்கு.

அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம். அங்கே கணினித் துறையின் ஆண்ட்ரீஸ் வான் டாம் குழு உருவாக்கிய ஃப்ரெஸ் என்ற மென்பொருளை வைத்து, 1970களின் நடுவிலேயே ஆங்கிலக் கவிதை வகுப்பு நடந்தது. மாணவர்கள் கவிதையைத் திரையில் படித்தார்கள், கருத்து எழுதினார்கள், அடுத்தவர் கருத்துக்குப் பதிலும் எழுதினார்கள்.

1980களில் அதே இடத்தில் இன்டர்மீடியா வந்தது. ஆங்கிலப் பேராசிரியர் ஜார்ஜ் லாண்டோ அதில் விக்டோரியா கால இலக்கியம் நடத்தினார். மாணவர்களும் கட்டுரை எழுதி, இணைப்புகள் போட்டார்கள். வழக்கமா மாணவர் கட்டுரையை ஆசிரியர் ஒருத்தர்தான் படிப்பார். அப்புறம் அது பழைய பேப்பர் கடைக்குப் போகும். இங்கே அது அடுத்து வந்த மாணவர்களுக்குப் பாடமாச்சு. எழுதுகிறவனுக்கு நிஜமான வாசகன் கிடைத்தான்.

ஆனால் அது ஓடிய ஆப்பிள் இயங்குதளம் மாறியது, நிதியும் நின்றது. 1991இல் இன்டர்மீடியா முடிந்தது.

அடுத்து ஸ்டோரிஸ்பேஸ். நாவலாசிரியர் ராபர்ட் கூவர் அதை வைத்து அங்கே புனைகதைப் பட்டறை நடத்தினார். எழுத வரும் மாணவர்கள் படித்த மரபைவிட்டு லேசில் நகர மாட்டார்கள் என்று 1992இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அங்கே படித்த ஷெல்லி ஜாக்சனுக்கு லாண்டோ வகுப்பில் குறிப்பெடுக்கும்போது உதித்த யோசனைதான் 'பேட்ச்வொர்க் கேர்ள்' (1995). ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் முடிக்காமல் அழிக்கப்பட்ட பெண் உருவத்தை எடுத்துக்கொண்டு, துண்டுகளைத் தைத்த உடம்பைத் துண்டுகளைத் தைத்த கதையாகவே சொன்னார். கதைக்கும் வடிவத்துக்கும் பொருத்தம் அப்படி.

அந்தப் படைப்பும் பிறகு புதிய கணினிகளில் திறக்கவில்லை. பழைய மெக்கின்டாஷைத் தேடிப் பிடித்து, ஆசிரியரையே அதில் வாசிக்க வைத்து வீடியோ எடுத்துவைத்தார்கள் ஆய்வாளர்கள்.

லாண்டோவின் பாடத்தொகுப்பு மட்டும் பிழைத்தது. இன்டர்மீடியாவிலிருந்து ஸ்டோரிஸ்பேஸுக்கும், அங்கிருந்து இணையத்துக்கும் பெயர்த்து வைத்தார்கள். அதுதான் இன்றும் எல்லாரும் படிக்கிற 'விக்டோரியன் வெப்'.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்: 2009இல் வந்த ட்வைன் கதையை ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாகத் தருகிறது, நல்லது. ஆனாலும் பிள்ளைகளின் எழுத்தைச் சாதாரணக் கோப்பாகத் தனியே சேமித்து வையுங்க. கதையின் வரைபடத்தைக் காகிதத்திலும் போடச் சொல்லுங்க. ஒவ்வொரு இணைப்புக்கும் "இங்கே ஏன்?"னு கேளுங்க. பொத்தான்கள் மாறிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகின பிள்ளை எந்த மென்பொருளிலும் கதை சொல்லும்.