வீட்டு மில்லிங் மெஷினில் கூலன்ட்: எவ்வளவு திறந்துவிட வேண்டும்?

அலுமினியத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டரின் பற்களில் உலோகம் அப்பிக்கொள்ளும். அடுத்த நொடி ‘டக்’கென்று கட்டர் உடையும். வீட்டில் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன சத்தம் இது. அதற்குப் பயந்து கூலன்ட் குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் தரை, சுவர், சட்டை எல்லாம் நனைந்துவிடும். அப்படியென்றால் சரியான அளவு எது?

கூலன்ட் எதற்கு?

சூட்டைத் தணிப்பது, உராய்வைக் குறைப்பது, துருவலை அகற்றுவது என மூன்று வேலைகள். வீட்டு மெஷினில் மோட்டார் சிறியது, வெட்டும் ஆழமும் குறைவு. அதனால் தொழிற்சாலை போலப் பாய்ச்ச வேண்டியதில்லை. அலுமினியத்துக்கு எண்ணெய்ப் பசைதான் முக்கியம். சிறிய வேலைக்குச் சொட்டுச் சொட்டாக விழுந்தாலே போதும். வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் எதுவும் ஊற்றாமலே வெட்டலாம். ஊற்றினால் அதன் தூள் சேறாகிவிடும்.

விட்டு விட்டு ஊற்றலாமா?

கார்பைடு கட்டருக்கு அது ஆகாது. சூடேறிய கட்டர் திடீரென நனைந்தால் வெட்டுமுனையில் நுண்ணிய விரிசல் விழும். ஊற்றினால் சீராக ஊற்ற வேண்டும். எஃகு என்றால், ஊற்றாமல் காற்றை ஊதித் துருவலை விரட்டினாலே பல நேரம் போதும்.

ஒன்றல்ல, இரண்டு வால்வு

பால் வால்வு கால் சுற்றில் திறந்துவிடும், நுணுக்கமாக அளவு வைக்க ஒத்துவராது. நீடில் வால்வைப் பல சுற்று திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். குழாயில் இரண்டையும் அடுத்தடுத்துப் பொருத்தினால், நீடில் வால்வில் ஒருமுறை வைத்த அளவு மாறாது. திறக்கவும் மூடவும் பால் வால்வு போதும்.

கியர் பம்ப் என்றால் வால்வை மூடும்போது அழுத்தம் எகிறும். மிச்சத் திரவம் தொட்டிக்கே திரும்ப பைபாஸ் குழாய் அவசியம். தொட்டிக்குத் திரும்பும் வழியில் வலை வடிகட்டியும் வேண்டும். இல்லையென்றால் நீடில் வால்வின் சிறு துளைதான் முதலில் அடைத்துக்கொள்ளும்.

கவனம் தேவை

காற்றோடு தெளிக்கும் முறையில் திரவம் புகைபோலப் பரவினால், அந்த நுண்துளிகள் மூச்சு வழியே நுரையீரலுக்குள் போகும். காற்றழுத்தத்தைக் குறைத்து, துளி பெரிதாக விழும்படி வைப்பது நல்லது. அறையில் காற்றோட்டமும் இருக்க வேண்டும்.

தண்ணீர் கலந்த கூலன்ட் மோட்டார், சுவிட்ச் பக்கம் தெறிக்காமல் தடுப்பு வைக்க வேண்டும். மின் இணைப்பில் ஆர்சிசிபி இருப்பது கட்டாயம். கட்டர் சுற்றும்போது நாசிலைக் கையால் திருப்பவே கூடாது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.