அருகில் வந்த பல்கலைக்கழகம்

ராயகிரியிலிருந்து பல்கலைக்கழகம் எவ்வளவு தொலைவு? வரலாறு மூன்று விடைகள் தருகிறது. 1857இல் அது சென்னையில் தோன்றியது. 1966இல் மதுரைக்கு வந்தது. 1990இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினின்று பிரிந்து, மனோன்மணியம் சுந்தரனார் பெயர் தாங்கி, நெல்லைச் சீமைக்கே வந்து சேர்ந்தது. நெல்லைக்கு மேற்கே அபிசேகப்பட்டியில் அதன் வளாகம் அமைந்துள்ளது. இராசாக்கமங்கலத்தில் கடலை ஆயும் மையமும், ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழலை ஆயும் மையமும் உருவாயின.

சுந்தரனாரை (1855-1897) நாம் 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஆசிரியராகவே பெரிதும் அறிவோம். அவர் திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியர். கல்வெட்டுகளைத் தேடிப் படித்தவர். சைவராகிய அவர், திருஞானசம்பந்தரின் காலத்தைச் செவிவழிக் கதைகளை நம்பிக் கூறாமல், சான்றுகளைக் கொண்டு நிறுவ முற்பட்டார். உண்மையை ஆராய்வது பக்திக்குப் பகையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவர் பெயரைத் தாங்குவது எளிது. அவர் வழியில் நடப்பதே கடமை.

நம் சிற்றூர்களிலிருந்து முதல் தலைமுறையாய் அவ்வளாகத்தில் நுழையும் பிள்ளையிடம், "பட்டம் எப்போது? வேலை எப்போது?" என்று கேட்கிறோம். வறுமையறிந்த வீட்டில் அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அத்தோடு நின்றுவிட்டால், அருகில் வந்த பல்கலைக்கழகம் நமக்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலகமாகவே இருக்கும். நம் குளங்களை நிரப்பும் மலைநீர் ஓராண்டு பெருகி மறு ஆண்டு பொய்ப்பது ஏன்? இந்த மண்ணில் பிறந்தவர் ஆராயாவிடின் வேறெவர் ஆராய்வர்? "நீ எதைத் தேடுகிறாய்?" என்றும் நம் பிள்ளைகளைக் கேட்போம்.